உப்புக்கறையில் வளர்ந்த அர்த்தனாரி

மயில்சாமி கார்டன்ல மொத்தம் நாப்பத்தாறு வீடு, நாப்பத்தாறுக்கும் ஒரே போர்வெல், தொள்ளாயிரம் அடி ஆழம், அதுல இருந்து வர்ற தண்ணி எப்படிப்பட்டதுன்னா, வாயில ஊத்துனா நாக்கு தடிச்சுப் போகும், பருப்புல ஊத்துனா மத்தியானம் வரைக்கும் பருப்பு வேகாது, சோப்புப் போட்டா நுரை வராம தயிர் திரிஞ்சாப்புல திரிதிரியா மிதக்கும், தலைக்கு ஊத்துனா பாதி முடி சீப்போட வந்துரும். அந்தத் தண்ணி ஆடி மாசம் ஒரு செவ்வாக்கிழமை காலையில எங்க பக்கத்து வீட்டு பூவாத்தாக்கா பாத்ரூம் சுவத்துல, குழாய்க்கு ஓரமா, ஒரு ஆம்பளையோட ரெண்டு பாதத்தை வரைஞ்சு வெச்சிருந்துச்சுங்க.

"மணி, இங்க கொஞ்சம் வந்துட்டுப் போ"ன்னு பூவாக்கா கூப்பிட்டாங்க. கையில இருந்த கரண்டியோடயே போனேன். வெள்ளை வெளேர்னு உப்புக்கறை, ஆனா கறை மாதிரியா இருந்துச்சு? பத்து விரலும் பத்து நகமும் தனித்தனியா தெரிஞ்சுது, இடது கட்டைவிரல் நகம் நடுவுல பொளந்திருந்துச்சு. "அவருதான்"னாங்க பூவாக்கா, பால்காரரு வந்திருக்காருன்னு சொல்ற மாதிரி. "ஆமாக்கா, அண்ணனேதான்"னு சொல்லிட்டு, அடுப்புல உப்புமா அடிப்பிடிச்சுரும்னு வந்துட்டேன்.

பூவாக்கா வீட்டுக்காரரு அர்த்தனாரி அண்ணன் ஒரு பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரா இருந்தவரு, பதினோரு வருசத்துக்கு முன்னாடி ஒரு நாள் காலையில வீட்டை விட்டுப் போனவரு, போனவரு போனவருதான். சண்டையில்ல, சச்சரவில்ல, சீக்கு இல்ல, யாருக்கும் ஒண்ணும் புரியல. போலீஸ்ல சொன்னாங்க, கோயில் கோயிலா போட்டோ ஒட்டுனாங்க, ஜோசியருங்க ஆளுக்கொரு திசை சொல்ல எட்டுத் திசைக்கும் போயிட்டு வந்தாங்க. பூவாக்கா தாலியைக் கழட்டல, பொட்டை அழிக்கல, வீட்டுலயே உக்காந்து கம்பெனித் துணிக்கு நூல் பிசிறு வெட்டி மக சௌமியாவைப் படிக்க வெச்சு ஈரோட்டுல கட்டிக் குடுத்தாங்க. அழுது நான் பார்த்ததே இல்ல. ஆனா ஒரு விசயத்தை மட்டும் எங்கிட்ட நூறு தடவை சொல்லியிருப்பாங்க. அன்னைக்குக் காலையில அவங்க மிக்ஸியில சட்னி அரைச்சுட்டு இருந்தாங்களாம், அண்ணன் வந்து சமையக்கட்டு வாசல்ல நின்னு என்னமோ சொன்னாராம், மிக்ஸி சத்தத்துல காதுல விழலையாம், திரும்பிப் பார்க்காமயே "ம்"னு சொன்னாங்களாம், அப்புறம் கேட் சாத்துற சத்தம் கேட்டுச்சாம்.

"அவரு என்ன சொன்னாருன்னுகூட எனக்கு வேண்டாம் மணி. எந்த மொகத்தோட நின்னாருன்னு தெரிஞ்சாப் போதும். சிரிச்சாரா, அழுதாரா, கோவமா, இல்ல எப்பவும் போல சும்மாதான் நின்னாரா. கல்யாண ஆல்பத்துல இருக்கற மொகத்தை வெச்சு நான் என்ன பண்றது? அந்த மொகம் வேணும் எனக்கு."

பாதம் வந்து ஒரு மாசத்துல முழங்கால் வந்துச்சு, புரட்டாசியில வேட்டிக்கரை, ஐப்பசியில இடுப்பு. அதுக்குள்ள மத்த வீட்டுலயும் ஆரம்பிச்சிருச்சுங்க. ஒவ்வொரு வீட்டு உப்பும் அந்தந்த வீட்டுல இல்லாத ஆளைக் கொண்டாந்து சுவத்துல நிறுத்துச்சு. மூணாவது வீதி சைக்கிள் கடைக்காரரோட செத்துப்போன அம்மா வெத்தலை இடிக்கற மாதிரி உக்காந்த வாக்குல வந்துட்டாங்க, பெரியவங்க முன்னாடி எப்படி அவுத்துப் போட்டுக் குளிக்கறதுன்னு அந்த வீட்டு மருமகளுங்க சுவத்துக்கு ஒரு சேலையைக் கட்டித் தொங்க விட்டாங்க, குளிச்சு முடிச்சதும் மறக்காம விலக்கி விட்டாங்க. நடு வீதி வாத்தியாரு வீட்டுல வந்தது யாருங்கறீங்க? அவரு காலேஜ்ல படிக்கறப்ப விரும்புன பொண்ணு, தாவணியும் ரெட்டைச் சடையுமா! வாத்தியாரம்மா சுத்தியலை எடுத்து டைல்ஸையே ஒடைச்சுப் போட்டுப் புது டைல்ஸ் ஒட்டுனாங்க, புது டைல்ஸ்லயும் அதே தாவணி வந்துச்சு, முன்னைக்கு இப்ப நல்ல தெளிவா வேற. கடைசியில அந்தம்மா, "வந்தது வந்துட்டா, நீங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னு குளிங்க"ன்னு விட்டுட்டாங்க.

டிவிக்காரங்க வந்தாங்க, அவங்க கேமராவுல வெறும் கறையாத்தான் விழுந்துச்சு, டீ குடிச்சுட்டுப் போயிட்டாங்க. வாரா வாரம் கறை போக்கற ஆசிட்டை வண்டியில வெச்சு வித்துட்டு வந்த மனுசன் நாப்பத்தாறு வீட்டுலயும் திட்டு வாங்கி இந்தப் பக்கம் வர்றதையே நிறுத்திட்டாரு. பொண்ணு பார்க்க வர்ற ஒறம்பரை சனமெல்லாம் பொண்ணைப் பார்க்கறதுக்கு முன்னாடி, "கை கழுவிட்டு வந்தர்றோம்"னு பாத்ரூமை எட்டிப் பார்த்துக்கிட்டாங்க. கார்டன் சங்கத்துல கூட்டம் போட்டு, அடுத்த வீட்டுக் கறையைக் கேக்காம யாரும் தொடக்கூடாதுன்னு தீர்மானமே எழுதிட்டாங்க. எங்க வீட்டுச் சுவத்துல மட்டும் வெறும் கறைதான். எங்க வீட்டுக்காரரு எங்கயும் தொலையற ஆளில்ல, தொலைஞ்சாலும் சாப்பாட்டு நேரத்துக்கு டான்னு வந்துருவாரு. யாரையும் பறிகுடுக்காத வீடுன்னு மத்தவங்க சொல்றப்ப, சிரிக்காதீங்க, எனக்குக் கொஞ்சம் வெக்கமாக்கூட இருந்துச்சு.

மார்கழியில அண்ணனோட நெஞ்சு வந்துச்சு, நெஞ்சோட சட்டை வந்துச்சு, சட்டையில ரெண்டாவது பட்டன் மட்டும் மத்ததை விடப் பெருசா இருந்துச்சு. பூவாக்கா பாத்ரூம் தரையிலயே உக்காந்துட்டாங்க. அந்தப் பட்டன் அன்னைக்குக் காலையில அவங்க அவசரத்துக்கு வேற ஒரு சட்டையில இருந்து பிச்சு வெச்சுத் தெச்சது. அப்ப இது அன்னைக்கு நின்ன ஆளு, சமையக்கட்டு வாசல்ல நின்ன அதே ஆளு, மேல வரப்போறதும் அதே மொகந்தான். அதுக்கப்புறம் பூவாக்காவுக்கு வேற நெனப்பே இல்லாம போச்சுங்க. வெந்நிக்கு உப்பு சீக்கிரம் படியுதுன்னு அவங்களாவே கண்டுபிடிச்சு நாளைக்கு மூணு வேளை கீசரைப் போட்டுச் சுவத்துல வெந்நி ஊத்துனாங்க, ரெண்டு தடவை கீசர் காயில் உப்பு அடைச்சுக் கருகிப்போச்சு, அப்பவும் விடல. காலையில எந்திரிச்சதும் ஒரு நூலை எடுத்துட்டுப் போய் அண்ணன் எவ்வளவு வளர்ந்திருக்காருன்னு அளந்து பார்ப்பாங்க. "மாசிக்குள்ள வந்துருவாரு மணி"ன்னு சொல்றப்ப, அம்பது வயசுக்காரிக்கு அப்படி ஒரு வெக்கம் மொகத்துல.

தையில சௌமியாவுக்குப் பொம்பளைப் புள்ளை பொறந்துச்சு. ஆஸ்பத்திரியில இருந்து நேரா அம்மா வீட்டுக்குத்தான் வந்தா. பதினோரு வருசமா ஒத்தை ஆளா பிசிறு வெட்டிட்டு இருந்த வீட்டுல தொட்டில் கட்டி, வசம்பு கட்டி, சாம்பிராணிப் பொகை போட்டு, பூவாக்கா ஒரே வாரத்துல பத்து வயசு கொறைஞ்ச மாதிரி ஆயிட்டாங்க. ஆனா பாப்பாவுக்கு அந்தத் தண்ணி ஆகலைங்க. மொதல்ல கன்னத்துல செவசெவன்னு வந்துச்சு, அப்புறம் கழுத்து மடிப்புல, முழங்கை மடிப்புல, வறண்டு செதிலு செதிலா உரிஞ்சுது, பிஞ்சுக் கையால மொகத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு அழுதுச்சு. டாக்டரம்மா பார்த்துட்டு, தண்ணியை மாத்துங்க மொதல்லன்னு சொல்லிட்டாங்க. கேன் தண்ணி வாங்கிக் குளிப்பாட்டிப் பார்த்தோம். குளிக்க மட்டுமா தண்ணி, நாளைக்கு முப்பது துணி அலசணும், தூக்கறவங்க கை கழுவணும், தாய்க்காரி தலை ஊத்தணும், கேன்ல எத்தனைதான் அலசறது?

"எட்டு நாள் பாக்கறேம்மா"ன்னா சௌமியா. "நம்ம வீட்டுத் தண்ணி மாறலைன்னா நான் ஈரோட்டுக்கே போயிர்றேன். எங்க அத்தை வீட்டுல ஆத்துத் தண்ணி வருது."

அவ அப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அந்தப் பாத்ரூமுக்குப் போனா சுவத்துக்கு முதுகைக் காட்டித்தான் குளிப்பா. அப்பா போறப்ப அவளுக்குப் பதினாலு வயசு, அன்னைக்குக் காலையில தூங்கிட்டு இருந்தா.

அப்புறம் தண்ணி விக்கறவங்க ஒவ்வொருத்தரா வந்தாங்க. ஒருத்தன் குழாய்ல ரெண்டு காந்தத்தைக் கட்டுனாப் போதும்னான். இன்னொருத்தன் உப்பு அளக்கறதுன்னு பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணியில முக்கி, ஆயிரத்தி நானூறுன்னு நம்பரைக் காட்டி, இதைக் குடிச்சுமா உசுரோட இருக்கீங்கன்னு பயமுறுத்தி, ஆர்.ஓ. மெஷின் வாங்கச் சொன்னான். மூணாவதா வந்தவருதான் யாக்கூப், ஒல்லியா, தலையெல்லாம் நரைச்சு, அதிகம் பேசாத மனுசன். "ஆர்.ஓ. குடிக்கத்தான் ஆகுமுங்க்கா, அதுல வீடு பூரா குளிக்க முடியாது. குழாய்ல மாட்டற குட்டி ஃபில்டர் மண்ணைப் பிடிக்கும், உப்பைப் பிடிக்காது. உங்களுக்கு வேண்டியது சாஃப்ட்னர், தண்ணியோட கடினத்தை எடுக்கற மெஷின். டேங்க்ல இருந்து எறங்கற லைன்லயே வெக்கணும். பத்து நாளைக்கு ஒருக்கா அதுக்குக் கல்லுப்புத் தண்ணி காட்டணும்"னாரு. உப்புத் தண்ணியை நல்ல தண்ணி ஆக்கறதுக்கு உப்பா கொட்டணும், நல்ல கூத்தா இருக்குன்னு நான் சிரிச்சேன்.

பூவாக்கா சிரிக்கல. "தண்ணியில இருக்கற உப்பு பூரா போயிருமா தம்பி?"ன்னு மட்டும் கேட்டாங்க. சின்னதா ஒரு சாம்பிள் மெஷின் கொண்டாந்திருந்தாரு, "நீங்களே பாருங்க"ன்னு ஒரு பக்கெட் தண்ணியை அதுல விட்டுப் பிடிச்சுக் குடுத்தாரு. எங்க சங்கத்துலயும் ஒரு மீட்டர் இருந்துச்சுங்க, அதை வாங்குன புதுசுல சாம்பார்லகூட முக்கிப் பார்த்தவங்க நாங்க. ஓடிப்போய் எடுத்துட்டு வந்து முக்குனேன். முன்னாடி ஆயிரத்தி நானூத்தி முப்பது. மெஷின்ல விட்டதுக்கு அப்புறமும் அதேதான், கூட அஞ்சு ஏறித்தான் இருந்துச்சு. எனக்கு வந்துச்சே கோவம்! "யாரைய்யா ஏமாத்தற? நம்பரு அப்படியே நிக்குது, மெஷின் விக்க வந்துட்டயா?"ன்னு வீதிக்கே கேக்கறாப்புல கத்திட்டேன். யாக்கூப் ரெண்டு பாட்டில்ல ரெண்டு தண்ணியையும் ஊத்தி ரெண்டுலயும் சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்குனாரு. ஒண்ணு திரிதிரியா கலங்குச்சு, இன்னொண்ணு பாட்டில் கழுத்து வரைக்கும் நுரை.

ஆனா பூவாக்கா நுரையைப் பார்க்கவே இல்ல. மீட்டரையே பார்த்துட்டு நின்னாங்க, மொகம் அப்படியே மலர்ந்து போச்சு. "மாட்டிருங்க தம்பி, நாளைக்கே மாட்டிருங்க"ன்னாங்க. அவரு போனதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உப்பு கொறையல மணி, பார்த்தயில்ல? நுரையும் வருது, உப்பும் இருக்குது. புள்ளைக்கும் ஆச்சு, அவரும் வருவாரு"ன்னாங்க. நம்பரைப் பார்த்த எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு.

மெஷின் வந்துச்சு. ஆளுயர நீலச் சிலிண்டர், பக்கத்துல உப்பு டப்பா. மறுநாள்ல இருந்து அந்த வீட்டுத் தண்ணி கையில வழுவழுன்னு வழிஞ்சுது, துணி பஞ்சாட்டம் காய்ஞ்சுது, பாப்பாவோட கன்னம் ஒரே வாரத்துல தெளிஞ்சு பளபளன்னு ஆயிருச்சு, தூக்கத்துல சிரிக்க ஆரம்பிச்சுது. அப்ப அண்ணன் கழுத்து வரைக்கும் வந்திருந்தாரு. ஒரு வாரம் ஆச்சு, கழுத்துலயே நின்னாரு. பூவாக்கா நூலை வெச்சு அளந்தாங்க, வெந்நி ஊத்துனாங்க, மறுபடி அளந்தாங்க. எட்டாம் நாள் அந்தப் பொளந்த நகத்தைக் காணோம்.

யாக்கூப்பைக் கூப்பிட்டாங்க. அவரு செருப்பை வெளியவே கழட்டிட்டு வந்து சுவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு நின்னாரு. எந்த ஊருல வேலைக்குப் போனாலும் எங்க கார்டன் கதையைக் கேட்டவருதான், அதனால யாருன்னு கேக்கல. "அக்கா, அந்த மீட்டரு எல்லா உப்பையும் சேர்த்துத்தான் எண்ணும். சுவத்துல படியறது சுண்ணாம்பு உப்பு. மெஷின் அதைப் பிடிச்சு வெச்சுட்டு அதுக்குப் பதிலா சோத்துல போடற உப்பை விட்டுரும். அதனாலதான் நம்பரு கொறையாது. ஆனா இந்த உப்பு சுவத்துல நிக்காதுங்க்கா. இனி புதுசா படியாது. இருக்கறதும் கொஞ்சங் கொஞ்சமா கரைஞ்சுரும்."

பூவாக்கா வெளிய வந்தாங்க. அப்புறம் சிலிண்டருக்குப் பக்கத்துல இருந்த சிவப்புக் கைப்பிடியைக் காட்டி, அது எதுக்குன்னு கேட்டாங்க. ரிப்பேர் பார்க்கறப்ப மெஷினுக்குள்ள போகாம தண்ணியை நேரா வீட்டுக்கு விடறதுக்குன்னு சொன்னாரு. சொல்லிட்டு அக்கா மொகத்தைப் பார்த்தவரு, சொல்லியிருக்கக் கூடாதுன்னு நெனச்சிருப்பாரு. செருப்பை மாட்டிட்டுப் போயிட்டாரு.

மாசி பொறந்து நாலாம் நாள் பாப்பா கன்னத்துல மறுபடியும் செவப்பு. கழுத்துல, கையில, தொடை இடுக்குல. ராவெல்லாம் அழுத புள்ளையைத் தோள்ல போட்டுட்டு சௌமியா, மெஷின் மோசம், மெஷின் போட்டவன் மோசம்னு போன்லயே யாக்கூப்பைப் பிடிபிடின்னு பிடிச்சுட்டா. அந்த மனுசன் வந்து மெஷினைப் பார்த்தாரு, கைப்பிடியைப் பார்த்தாரு, பூவாக்காவைப் பார்த்தாரு, "மெஷின் நல்லாத்தாங்க இருக்குது"ன்னு மட்டும் சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. சௌமியா உள்ள போய்ப் பெட்டியை எடுத்து வெச்சுத் துணி அடுக்க ஆரம்பிச்சுட்டா.

நான் வெளிய அவங்க வீட்டுத் துணி துவைக்கற கல்லுல கை கழுவுனேன். சோப்பு திரிஞ்சுது. எட்டிப் பார்த்தேன், சிவப்புக் கைப்பிடி திரும்பியிருந்துச்சு. நேரா பூவாக்காகிட்டப் போனேன். பாத்ரூம்ல நின்னுட்டு இருந்தாங்க. சுவத்துல தாடை வந்திருந்துச்சு, தாடையில ரெண்டு நாள் மழிக்காத முடி, அதுக்கு மேல கீழ் உதடு.

"நீதான் திருப்பி வெச்சயா? பச்சைப் புள்ளைக்கா, ஒனக்கு மனசு எப்படிக்கா வந்துச்சு?"ன்னேன். மரியாதையெல்லாம் அப்ப எங்க வருது.

"இன்னும் ஒரு விரக்கடை அகலந்தான் மணி"ன்னாங்க பூவாக்கா, சுவத்துல இருந்து கண்ணை எடுக்காம. "மேல் உதடு வந்துட்டாப் போதும், சிரிச்சாரா இல்லையான்னு தெரிஞ்சுரும். கண்ணுகூட வேண்டாம் எனக்கு. உதடு மட்டும். பால்காரரு வர்றதுக்கு முன்னாடி திருப்பறேன், எல்லாரும் எந்திரிக்கறதுக்குள்ள மூடிரலாம்னு நெனப்பேன், மூட மாட்டேங்குது கை. பாவம் பண்றேன்னு தெரியுது. தெரிஞ்சேதான் பண்றேன்."

எனக்குப் பின்னாடி சௌமியா நின்னுட்டு இருந்ததை நாங்க ரெண்டு பேரும் பார்க்கல. புள்ளையைத் தோள்ல போட்டுட்டு உள்ள வந்தா. வந்து, மொதல் தடவையா, அந்தச் சுவத்தை நேராப் பார்த்தா. பாதத்துல இருந்து ஆரம்பிச்சு மேல வரைக்கும் பார்த்தா, நகம் கரைஞ்ச விரலு, வேட்டி, சட்டை, அந்தப் பெரிய பட்டன், தாடை. கீழ் உதட்டுக்கு மேல வெறும் டைல்ஸைப் பார்த்துட்டு நின்னா.

"நீ திருப்பியே வெய்ம்மா"ன்னா. "நான் ஒரு மாசம் ஈரோட்டுல இருந்துட்டு வர்றேன். கோவமா போகல. அப்பா மொகம் வந்ததும் ஒரு போன் பண்ணு. நானும் பார்க்கணும்."

அவ்வளவுதானுங்க வேணும் பூவாக்காவுக்கு. ஒரு மாசம். புள்ளைக்கும் கெடுதல் இல்ல, மகளுக்கும் மனஸ்தாபம் இல்ல, அண்ணன் முழுசா வந்துருவாரு. நானே, ஒத்துக்கக்கா, நல்ல யோசனைதான்னு சொல்ல வாயெடுத்துட்டேன். அப்பத்தான் பாப்பா தோள்ல இருந்து தலையைத் தூக்குச்சு. கழுத்து நிக்காத புள்ளை, ஆட்டிக்கிட்டே தூக்கி, செவந்து போன கன்னத்தோட பூவாக்காவை உத்துப் பார்த்துச்சு. பூவாக்கா கையை நீட்டி வாங்குனாங்க. வாங்கி, மொகத்துக்கு நேரா வெச்சு ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"ஒரு மாசத்துல இவ மொகம் மாறிருமே கண்ணு"ன்னாங்க. "நாளுக்கொரு மொகமா மாறிட்டு இருக்கறா. அப்புறம் இந்த மொகத்தை நான் எந்தச் சுவத்துல போய்த் தேடறது?"

புள்ளையை எடுத்துட்டே வெளிய போய், கைப்பிடியை அவங்களே மறுபடி மெஷின் பக்கமா திருப்புனாங்க. டக்குனு ஒரு சத்தம். சௌமியா தரையில உக்காந்து அழுதா. நான் பெட்டியில இருந்த துணியெல்லாம் எடுத்துப் பழையபடி கொடியில போட்டேன்.

ரெண்டு பாத்ரூம் இருந்த வீட்டுக்காரங்க அந்த வருசம் மெஷின் வாங்கி ஒண்ணுக்கு நல்ல தண்ணி விட்டு, ஒண்ணை உப்புக்கே விட்டு வெச்சாங்க. வாத்தியாரு வீட்டுல, யாரும் எதிர்பார்க்கல, உப்புத் தண்ணியே இருக்கட்டும்னு அந்தம்மாதான் சொன்னாங்களாம், பழகிப் போச்சுன்னு. பூவாக்கா வீட்டுல இருந்தது ஒரே பாத்ரூம்.

தினமும் காலையில பூவாக்கா அந்தச் சுவத்துக்கு முன்னாடி பலகையில உக்காந்து, காலை நீட்டி, கால் மேல பாப்பாவைப் போட்டுக் குளிப்பாட்டுவாங்க, நான் சொம்புல மோந்து ஊத்துவேன். நல்ல தண்ணி தெறிச்சுத் தெறிச்சு அண்ணன் காலு போச்சு, வேட்டி போச்சு, இடுப்பு போச்சு. வெந்நியில கடலைமாவு வாசமும் புள்ளையோட சிரிப்புமா இருக்கறப்ப நாங்க அதைப் பத்திப் பேசிக்கல. பட்டன் போன அன்னைக்கு மட்டும் பூவாக்கா கொஞ்ச நேரம் கையை நிறுத்திட்டு அப்புறம் குளிப்பாட்டுனாங்க. கடைசியில தாடையும் அந்தக் கீழ் உதடும் மட்டும் நின்னுச்சு, தண்ணி எட்டாத ஒசரத்துல.

பங்குனி மொத வாரம், பாப்பாவுக்குத் தலைக்கு ஊத்தி முடிச்சதும், "மணி, அந்தச் சுவத்துலயும் ஒரு சொம்பு ஊத்து"ன்னாங்க. எனக்குக் கை வரலைங்க. என்னால ஆகாதுக்கான்னு சொம்பைக் கீழ வெச்சுட்டேன். பாப்பாவை எங்கிட்டக் குடுத்துட்டு, முழங்காலைப் பிடிச்சு எந்திரிச்சு, சொம்பு நெறைய மோந்தாங்க. அந்த உதட்டுக்கு நேரா நின்னாங்க. புருசன் வெளிய கெளம்பறப்ப நம்ம பொம்பளைக எல்லாரும் சொல்லுவமே, போயிட்டு வாங்கன்னு, அதைத்தான் சொல்லப் போறாங்கன்னு நான் நெனச்சேன்.

"போங்க"ன்னாங்க. அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு வார்த்தை சேர்க்கல. சொல்லிட்டு ஊத்துனாங்க.